மெமரி 84 சதவீதம் என்றால் லேப்டாப்பை மாற்ற வேண்டுமா?

கேள்வி: வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறேன். சின்ன கம்பெனி என்பதால் ஆர்டர் ஃபாலோஅப், கணக்கு இரண்டும் என் தலையில். கம்பெனி லேப்டாப்பில் 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. டேலி, நாலைந்து எக்செல், பையர் அனுப்பிய பிடிஎஃப்கள், வாட்ஸப், குரோமில் ஏகப்பட்ட டேப் என எல்லாம் திறந்தே கிடக்கும். மதியத்துக்கு மேல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறவே திணறுகிறது. டாஸ்க் மேனேஜர் மெமரி 84 சதவீதம் என்கிறது. காந்திபுரத்தில் ஒரு கடையில் காட்டினேன். "இதுக்கு மேல ஆகாதுங்க, 16 ஜிபியில புதுசு எடுத்துருங்க" என்றார்கள். 512 ஜிபியில் பாதி காலியாகக் கிடக்க, மெமரி எப்படி நிறையும்? புதுசுதான் எடுக்கணுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில் 512-ஐயும் 8-ஐயும் பிரித்துக்கொள்ளுங்கள். 512 என்பது ஃபைல்களை வைக்கும் எஸ்எஸ்டி, அது உங்கள் குடோன். 8 என்பது ராம், அது கட்டிங் டேபிள். டாஸ்க் மேனேஜர் மெமரி என்று காட்டுவது இந்த 8-ஐத்தான். குடோனில் எவ்வளவு இடம் கிடந்தாலும், டேபிளில் விரித்த துணியைத்தான் வெட்ட முடியும். டேபிள் போதாதபோது விண்டோஸ் முதலில் துணியை மடித்து அடுக்கிப் பார்க்கும். அப்புறமும் முடியாவிட்டால் கொஞ்சத்தைக் குடோனுக்கு அனுப்பி, நீங்கள் கேட்கும்போது திரும்ப எடுத்துவரும். நீங்கள் சொல்லும் திணறல் பெரும்பாலும் இந்தப் போக்குவரத்துதான். எஸ்எஸ்டி வேகமானதுதான் என்றாலும் ராமுக்குப் பக்கத்தில்கூட வராது.

அதற்காக 84 சதவீதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ராம் சும்மா கிடப்பதால் யாருக்கும் லாபமில்லை. 16 ஜிபி மெஷினில் அதே குரோம் இன்னும் தாராளமாக எடுத்துக்கொள்ளும். கடைக்காரர் அந்த ஒரு எண்ணை வைத்து மட்டும் சொல்லியிருந்தால் அது பரிசோதனை ஆகாது.

திணறும் நேரத்திலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் திறங்கள். கீழே 'கமிட்டட்' என்று 12.6/15.8 போல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, திறந்திருக்கும் புரோகிராம்களுக்கெல்லாம் சேர்த்து விண்டோஸ் ஒப்புக்கொண்ட அளவு. இரண்டாவது, ராமும், டேபிளில் இடமில்லாததை வைக்க எஸ்எஸ்டியில் ஒதுக்கிய பேஜ் ஃபைலும் சேர்ந்த உச்ச வரம்பு. முதல் எண் 8-ஐத் தாண்டினாலே ஆபத்து என்றில்லை, கேட்டு வாங்கியதை எல்லா புரோகிராமும் தொடுவதில்லை. ஆனால் அது 8-ஐ வெகுவாகத் தாண்டி நிற்க, எக்செலிலிருந்து டேலிக்கு மாறும்போதெல்லாம் டிஸ்க் வரைபடமும் எகிறினால், ராம்தான் பற்றவில்லை. டிஸ்க் அமைதியாக இருந்து சிபியு 100-ஐத் தொட்டால் கதை வேறு. ஆன்டிவைரஸ் ஸ்கேனோ, ஃபார்முலா நிறைந்த ஒரு ஷீட்டோ இழுக்கிறது என்று அர்த்தம். அதற்கு ராம் வாங்கிப் போட்டுப் புண்ணியமில்லை.

அடுத்து குரோம். பெரிய பங்கு அங்கேதான் போகும். குரோமுக்குள் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் அழுத்தினால் அதன் சொந்த டாஸ்க் மேனேஜர் வரும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு தின்கிறது என்று தனித்தனியாகக் காட்டும். வாட்ஸப்பை ஆப்பிலும் டேப்பிலும் இரண்டு இடத்தில் திறந்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர், நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குரோம் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி சேவரைப் போட்டுவிட்டால், தொடாத டேப்களை அதுவே ராமிலிருந்து இறக்கிவிடும். திரும்பப் போகும்போது பக்கம் புதிதாக லோட் ஆகும் என்பதால், சரக்கு அனுப்ப நீங்கள் படிவம் நிரப்பும் ஈவே பில் தளத்தை 'எப்போதும் ஆக்டிவ்' பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் தேவையில்லாததை எல்லாம் நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் போதாது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் விண்டோஸ் முழுதாகப் புதிதாகத் தொடங்குவதில்லை. 'ராம் கிளீனர்' என்று வரும் எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். இருப்பதைத் துரத்திவிட்டு எண்ணை மட்டும் குறைத்துக் காட்டும், துரத்தியதை மறுபடி ஏற்றும் வேலை உங்கள் லேப்டாப்புக்குத்தான்.

இதெல்லாம் செய்தும் திணறினால் அதே மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரியைப் பாருங்கள். ஸ்லாட் என்பது ராம் மாட்டும் இடம். 1 ஆஃப் 2 என்றிருந்தால் இன்னொரு 8 ஜிபி போட இடம் இருக்கலாம். புது லேப்டாப் பேச்சே வேண்டாம். சில மாடல்களில் இந்த வரி தப்பாகக் காட்டும், அதனால் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலையும் சரிபாருங்கள். ராமில் டிடிஆர்4, டிடிஆர்5 என்று வகை உண்டு, டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 பொருந்தாது. 2025 கடைசியிலிருந்து ராம் விலை கன்னாபின்னாவென்று ஏறிக் கிடக்கிறது, இரண்டு மூன்று கடையில் விசாரியுங்கள். கண்ணெதிரே மாட்டச் சொல்லி, டாஸ்க் மேனேஜரில் 16 காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.

ராமைப் போர்டிலேயே சால்டர் செய்து ஒட்டி, ஸ்லாட்டே இல்லாத மாடல் என்றால் கடைக்காரர் சொன்னது சரி. அப்போதும் 16 ஜிபியோடு ஒரு ஸ்லாட்டும் இருக்கிற மாடலாகக் கேளுங்கள். எது வாங்கினாலும் பில்லில் கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொல்லிவிடுங்கள்.