தோட்டத்தை விற்கும் முன் மாமியாரின் பங்கைப் பாருங்கள்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): தென்னாப்பிரிக்காவில் டோங்காட் பக்கம் எங்களுக்கு ஆறு ஹெக்டேர் தோட்டம். புதினா, மிளகாய், கீரை, சேப்பங்கிழங்கு போட்டு டர்பன் எர்லி மார்னிங் மார்க்கெட்டுக்கு அனுப்பித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். இப்போது கணவரால் குனிந்து வேலை செய்ய முடியவில்லை. பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்கில். விற்றுவிட்டு சாட்ஸ்வர்த்துக்குக் குடிபோக முடிவு செய்து, சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டோம். நிலம் இன்னும் மாமனார் பெயரில் இருக்கிறது. அவர் 2003-இல் உயில் எழுதாமல் இறந்தார். மாமியாருக்கு வயது 84. அவர்கள் கல்யாணம் 1959-இல் வீட்டுப் பந்தலில் தாலி கட்டி நடந்தது, பதிவு கிடையாது. "பதிவு இல்லாததால் அம்மாவுக்குப் பங்கில்லை, பிள்ளைகள் நாலு பேர் பிரித்துக்கொள்வோம்" என்கிறார் கொழுந்தனார். வாங்குகிறவர் கொடுத்த விற்பனை ஒப்பந்தத்தில் என் கணவர் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். தோட்டத்தில் ஒரு மாரியம்மன் கோயிலும், மாமனாரைப் பெற்றவர்களின் சமாதிகளும் இருக்கின்றன. 1989 முதல் எங்களோடு வேலை செய்யும் ஒரு சூலு குடும்பமும் அங்கேயே குடியிருக்கிறது. பெரியவருக்கு 67 வயது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்? டர்பனின் கேட்டோ மேனரில் மாமனார் இழந்த நிலத்துக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: அக்கா, முதலில் வெள்ளிக்கிழமையை மறந்துவிடுங்கள். அந்தக் கையெழுத்து வேண்டாம்.

நிலம் இறந்தவர் பெயரில் இருக்கும்வரை அதை விற்கும் அதிகாரம் மூத்த மகனுக்குக்கூடக் கிடையாது. 1965-ஆம் ஆண்டின் 66-ஆம் எண் சட்டப்படி, மாஸ்டர் அலுவலகம் (இறந்தவர்களின் சொத்து விவகாரத்தைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற அலுவலகம்) எக்சிக்யூட்டராக, அதாவது சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளராக, நியமித்துக் கடிதம் கொடுத்தவர்தான் இறந்தவரின் சொத்தில் கை வைக்கலாம். அந்தக் கடிதம் இல்லாமல் உங்கள் கணவர் கையெழுத்துப் போட்டால் நிலம் கை மாறாது, வழக்கு மட்டும் அவர் தலையில் விழும். சொன்னபடி நிலத்தைத் தரவில்லை என்று வாங்குகிறவர் நஷ்டஈடு கேட்பார்.

இறப்பை 14 நாளுக்குள் மாஸ்டருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். இத்தனை வருடம் போய்விட்டதே என்று பயப்பட வேண்டாம், இப்போதும் தெரிவிக்கலாம். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் அலுவலகம் இருக்கிறது. எக்சிக்யூட்டருக்கான கட்டணம் மொத்தச் சொத்து மதிப்பில் 3.5 சதவீதம் வரை போகும். அதைப் பேசிக் குறைக்கலாம். பேசிய தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மாமியார் விஷயம். கடிதத்தைப் படித்தபோது என் மனதை உறுத்தியது இதுதான். நாற்பது வருடத்துக்கு மேல் அந்த மண்ணில் களை எடுத்தவர், அதே வீட்டில் நாலு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். அவரைப் பார்த்துப் பங்கில்லை என்று சொல்வது நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை. இஸ்லாமிய முறைப்படி மணந்த மனைவியும் கணவர் உயில் எழுதாமல் இறந்தால் வாரிசுதான் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2004-இல் டேனியல்ஸ் வழக்கில் சொன்னது. அதற்குப் பிறகு டர்பன் உயர் நீதிமன்றம், கோவேந்தர் எதிர் ராகவய்யா வழக்கில், இந்து முறைப்படி மட்டும் மணந்த மனைவிக்கும் அந்த உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2009-இல் தீர்ப்புத் தொகுப்பிலும் வெளிவந்தது. நம் வீட்டுக் கல்யாணங்களுக்கு அப்படியே பொருந்துகிற தீர்ப்பு அது.

கல்யாணம் நடந்ததைக் காட்ட ஆதாரம் வேண்டும். பழைய கல்யாணப் போட்டோ, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அந்தக் கல்யாணத்துக்கு வந்த யாராவது உயிரோடு இருந்தால் அவரிடமிருந்து ஓர் அஃபிடவிட், எல்லாம் உதவும். தூரத்து அத்தை ஒருவர் ஃபீனிக்ஸில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கே போய்ப் பாருங்கள், வயதானவர்கள்.

பங்கு எவ்வளவு? 1987-ஆம் ஆண்டின் 81-ஆம் எண் சட்டப்படி, மனைவிக்கு ஒரு பிள்ளையின் பங்கோ அரசு நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகையோ, இரண்டில் எது அதிகமோ அது கிடைக்கும். 2003-இல் அந்தத் தொகை 1,25,000 ராண்ட். இப்போது இருக்கும் 2,50,000 பிறகு வந்தது. நாலு பிள்ளைகளும் அம்மாவும் சேர்ந்தால் ஐந்து பங்கு. உதாரணத்துக்கு, கடன், செலவு எல்லாம் போக 18 லட்சம் ராண்ட் மிஞ்சினால் ஆளுக்கு 3,60,000. ஒரு பிள்ளை தன் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அது மற்றப் பிள்ளைகளுக்குப் போகாது, அம்மாவுக்கே சேரும். கொழுந்தனாரிடம் இதையும் சொல்லிவையுங்கள். மாமியாரின் பணம் அவர் பெயரில் உள்ள கணக்கில்தான் விழ வேண்டும். "அம்மாவை நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று யாரும் அவரிடம் எதிலும் கைநாட்டு வாங்கவிடாதீர்கள்.

நிலத்தையே ஐந்தாகப் பிரித்து எழுதிக்கொள்ளலாமே என்று நாத்தனார் கேட்கிறாராம். விவசாய நிலம் என்றால் முடியாது. 1970-ஆம் ஆண்டின் 70-ஆம் எண் சட்டப்படி, அமைச்சரின் சம்மதம் இல்லாமல் துண்டு போடவும் கூடாது, புதிதாகக் கூட்டுப் பங்காக எழுதவும் கூடாது. எக்சிக்யூட்டர் மொத்தமாக விற்று, பணத்தைப் பிரிப்பதுதான் உங்களுக்குச் சுலபம். விற்கும்போது மூலதன ஆதாய வரி வரும். மாமனார் இறந்த அன்றைக்கு நிலத்தின் மதிப்பு என்ன என்று ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கினால்தான் வரியைச் சரியாகக் கணக்கிட முடியும்.

ஒப்பந்தத்தின் நகலைப் பார்த்தேன். "குடியிருப்போர் யாருமின்றிக் காலியாக ஒப்படைக்கப்படும்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்தச் சூலு குடும்பத்தை வைத்துக்கொண்டு அந்த வாக்கை யாரும் கொடுக்க முடியாது. பத்து வருடம் குடியிருந்து 60 வயதைத் தாண்டியவருக்கு 1997-ஆம் ஆண்டின் 62-ஆம் எண் சட்டம் தனிப் பாதுகாப்புத் தருகிறது. நிலம் கை மாறினாலும் அவர் உரிமை புது முதலாளியையும் கட்டுப்படுத்தும். பெரிய தப்பு எதுவும் செய்யாதவரை அவரை யாரும் போகச் சொல்ல முடியாது, வெளியேற்றுவதென்றால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். அந்த வரியை எடுத்துவிட்டு, குடும்பம் இருப்பதையும் அவர்கள் உரிமை தொடர்வதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம், பெரியவரோடு நேரில் உட்கார்ந்து பேசுங்கள். முப்பது வருடத்துக்கு மேல் உங்களோடு மிளகாய் பறித்தவர், விற்கப்போகும் செய்தியை வாங்குகிறவர் வாயிலிருந்து கேட்கக் கூடாது.

சமாதிகளுக்கும் இதே சட்டத்தில் வழி இருக்கிறது. அடுத்தவர் நிலத்தில் இருந்தாலும் தன் குடும்பத்தாரின் சமாதியைப் பார்க்கவும் பராமரிக்கவும் யாருக்கும் உரிமை உண்டு. நில உரிமையாளர் நியாயமான நிபந்தனை போடலாம், தடுக்க முடியாது. 60 வருடத்துக்கு மேலான சமாதி என்றால், 1999-ஆம் ஆண்டின் மரபுரிமைச் சட்டப்படி அனுமதி வாங்காமல் புல்டோசர் அதைத் தொடக் கூடாது. இப்போதே படம் எடுத்து, இடத்தை வரைபடத்தில் குறித்து, ஒப்பந்தத்தோடு சேருங்கள்.

சமாதிக்குப் போய்வர இருக்கும் உரிமை போல கோயிலுக்கு இந்தச் சட்டத்தில் இல்லை. தகரக் கூரையும் வேப்பமரமும் ஒரு கல்லும்தான் என்றாலும், ஆடியில் கூழ் ஊற்ற அக்கம்பக்கம் எல்லாம் கூடுகிற இடம் என்று எழுதியிருக்கிறீர்கள். "கோயிலை அப்படியே விட்டுவிடுவேன்" என்று வாங்குகிறவர் வாயால் சொன்னதை நம்ப வேண்டாம். கோயில் இருக்கும் இடமும் அங்கே போகும் பாதையும் டைட்டில் டீடிலேயே (நில உரிமைப் பத்திரத்திலேயே) பதிவாக வேண்டும். தனி ஆள் பெயரில் பதிந்தால் அந்த உரிமை அவரோடு முடிந்துவிடும், அதனால் ஒரு கோயில் சங்கத்தின் பெயரில் பதியுங்கள். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால், ஒப்பந்தத்துக்கு முன்பே பூசாரியைக் கேட்டு அம்மனை எங்கே கொண்டுபோவது என்று குடும்பமாக முடிவெடுங்கள். இந்த விஷயத்தில் கடைசி வார்த்தை மாமியாருடையதாக இருக்கட்டும்.

ஒரு சின்ன விஷயம். மண்ணில் நிற்கும் பயிர் நிலத்தோடு போய்விடும். மழைக்கு நட்ட சேப்பங்கிழங்கை நீங்களே தோண்டி எடுக்க வேண்டும் என்றால் தேதி போட்டு ஒரு வரி சேருங்கள்.

கேட்டோ மேனர் நிலத்துக்கு இப்போது புதிதாக மனு போட முடியாது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் இழந்த நிலங்களுக்கு மனு போடும் கெடு 1998 டிசம்பர் 31-இல் முடிந்தது. 2014-இல் ஒரு புதுச் சட்டத்தால் மறுபடி திறந்தார்கள், 2016 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. ஆனால் 1998-க்குள் மாமனாரோ அவர் அண்ணன் தம்பிகளோ மனு கொடுத்திருந்தால் அது இன்றும் உயிரோடு இருக்கலாம். சாமான் கட்டும்போது பழைய காகிதங்களைத் தூக்கி எறியாதீர்கள். நில உரிமை ஆணையத்திலிருந்து வந்த கடிதம், குறிப்பு எண் ஏதாவது கிடைத்தால் அதையும் மாமனாரின் இறப்புச் சான்றிதழையும் டைட்டில் டீடையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.