"அப்ப நான் ஆமையாம்மா?"

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. எழுதும்போது ஒரு எழுத்து தப்பினால் போதும், அந்தப் பக்கத்தையே கிழித்துவிடுகிறான். கேரம், பரமபதம், எதில் தோற்றாலும் காய்களைத் தட்டிவிட்டு எழுந்து போய்விடுவான். கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே "எனக்கு வராது" என்று அழுகை. அவன் அக்கா ஒன்பதாம் வகுப்பு, நன்றாகப் படிப்பாள். கதை சொல்லி மனதைத் திடப்படுத்தலாம் என்று முயல் ஆமை கதையைச் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, "அப்ப நான் ஆமையாம்மா?" என்று கேட்டான். என்ன சொல்வதென்றே தெரியவில்லை. கதைகளால் உண்மையிலேயே பலன் உண்டா? எந்தக் கதையை, எப்படிச் சொல்வது?
ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் மகன் கேட்டது மிகச் சரியான கேள்வி. அந்தக் கதையை நாமெல்லாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம், நமக்கு இது தோன்றியதில்லை. முயலுக்குப் பிறவியிலேயே வேகம். ஆமைக்குப் பிறவியிலேயே மெதுநடை. கதை முடியும்போதும் இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன. ஆமை புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை, முயல் தூங்கிப்போனதால் ஜெயித்தது. நன்றாகப் படிக்கும் அக்கா இருக்கிற வீட்டில் ஒரு தம்பி இதைக் கேட்டால், "நீ மெதுவு, அக்கா அசந்தால்தான் உனக்கு வழி" என்றுதான் காதில் விழும். நீங்கள் சொல்ல நினைத்தது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் குழந்தை தனக்குப் பொருந்துகிற இடத்தில்தான் கதைக்குள் போய் உட்காரும்.

பலன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் பெரும்பாலும் நாம் எதிர்பார்க்கிற இடத்தில் இல்லை. கடைசியில் வைக்கிற நீதியில் பலன் குறைவு. கதையின் நடுவில், பாத்திரம் மாட்டிக்கொண்டு முழிக்கிற இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த இடத்தைத்தான் நாம் அவசரமாகத் தாண்டிப் போகிறோம்.

உங்கள் மகன் சொல்கிற "எனக்கு வராது" என்ற சொல்லை முதலில் பார்ப்போம். நம் பேச்சில் கணக்கு, பாட்டு, நீச்சல் எல்லாமே 'வரும்' அல்லது 'வராது'. வராது என்றால் எப்போதும் வராது, கதவைச் சாத்தியாச்சு. அதையே "இன்னும் வரல" என்று சொல்லிப் பாருங்கள், கதவு ஒரு விரற்கடை திறக்கிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் கேரல் டுவெக் 'குரோத் மைண்ட்செட்' (திறமை வளரக்கூடியது என்ற நம்பிக்கை) என்று பெயர் வைத்தது ஏறக்குறைய இந்த வித்தியாசத்துக்குத்தான். திறமை பிறக்கும்போதே அளந்து வைத்தது என்று நம்புகிற பிள்ளைக்கு ஒவ்வொரு தப்பும் தன்மேல் எழுதப்பட்ட தீர்ப்பு. அதனால்தான் பக்கத்தைக் கிழிக்கிறான். அந்தத் தீர்ப்பு யார் கண்ணிலும் படக்கூடாது.

சரி, எந்தக் கதை? உங்கள் கையிலேயே ஒன்று இருக்கிறது. பானையின் அடியில் கிடந்த தண்ணீரைக் குடித்த காக்காய். அதை நாம் எப்படிச் சொல்கிறோம்? தாகம், பானை, கல், தண்ணீர் மேலே வந்தது, குடித்தது, பறந்தது. ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அதை இப்படி இழுத்துச் சொல்லுங்கள்.

"காக்கா மூக்க உள்ள விட்டுச்சு. எட்டல. தலையையும் சேர்த்து விட்டுச்சு. அப்பவும் எட்டல. பானையத் தள்ளிப் பார்த்துச்சு, அசையவே இல்ல. பக்கத்துல உக்காந்துருச்சு. அழுகையா வந்துச்சு. அப்புறம் ஒரு கல்லப் பார்த்துச்சு. தூக்கிப் போட்டுச்சு. டொப். எட்டிப் பார்த்துச்சு, தண்ணி அங்கனயேதான் இருக்கு. இன்னொரு கல். டொப். அப்பவும் எட்டல."

இங்கே நிறுத்திவிடுங்கள். "இப்ப காக்கா என்னடா நினைச்சிருக்கும்?"

"போங்கடான்னு பறந்து போயிருக்கும்" என்பான். சொல்லட்டும். "இல்லடா, நல்ல காக்கா போகாது" என்று திருத்தாதீர்கள். காக்காய் பேரில் அவன் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான், அது வெளியே வருவதற்குத்தான் கதையே சொல்கிறோம். "ஆமால்ல, எனக்கா இருந்தாலும் எரிச்சலா இருக்கும். பறந்து போயி வேற எங்க தண்ணி தேடியிருக்கும்?" என்று அவன் பின்னாலேயே போங்கள். ஒரு நாள் அவனே காக்காயைத் திரும்பப் பானைக்குக் கூட்டி வருவான். வராவிட்டாலும் பரவாயில்லை, இன்னொரு ராத்திரி சொல்லலாம்.

எனக்கு இந்தக் கதை பிடிக்கக் காரணம் உண்டு. காக்காய் ஜெயித்தது வெறும் விடாமுயற்சியால் இல்லை. மூக்கை நூறு தடவை விட்டிருந்தாலும் எட்டியிருக்காது. அது வழியை மாற்றியது. 2009-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், காக்கை இனத்தைச் சேர்ந்த ரூக் பறவைகளுக்கு முன்னால், தண்ணீரில் புழு மிதக்கும், உள்ளே இருப்பது தெரிகிற குழாயை வைத்துப் பார்த்தார்கள். அவை நிஜமாகவே கல்லைப் போட்டுத் தண்ணீரை மேலே ஏற்றிப் புழுவை எடுத்தன. சின்னக் கல்லைவிடப் பெரிய கல் சீக்கிரம் வேலை செய்கிறது என்பதையும் பிடித்துக்கொண்டன. இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள், கண்டிப்பாக ஒரு டம்ளரும் கூழாங்கல்லும் கேட்பான். கொடுங்கள். 'முயற்சி செய், முயற்சி செய்' என்று மட்டும் சொல்வது போதாது என்று டுவெக்கே 2015-இல் எழுதினார். ஒரு வழி சரிப்படவில்லையென்றால் வேறு வழி பார்ப்பதும், தெரிந்தவரிடம் கேட்பதும் சேர்ந்ததுதான் முயற்சி.

கதை முடிந்ததும் "பார்த்தியா, காக்கா விடல, நீ மட்டும் ஏன் நோட்டைக் கிழிக்கிற?" என்று ஒட்டுப்போடாதீர்கள். அந்த வாக்கியம் வருகிறது என்று தெரிந்தால் அடுத்த கதைக்குக் காது மூடிக்கொள்ளும். பயமுறுத்தும் முடிவுகளும் அப்படித்தான். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீ குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மூன்று முதல் ஏழு வயது வரையான குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டி, பிறகு அவர்கள் உண்மை பேசுகிறார்களா என்று பார்த்தார்கள். பொய் சொன்னவனுக்குக் கேடு வந்த கதை, அதாவது நம் 'புலி வருது' கதையின் மேல்நாட்டு வடிவம், பொய்யைக் குறைக்கவில்லை. மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் ஒப்புக்கொண்ட பையனை அப்பா பாராட்டிய கதைதான் குழந்தைகளை உண்மை பேச வைத்தது. அதே கதையின் முடிவைக் கெட்டதாக மாற்றியதும் அந்தப் பலனும் போய்விட்டது. ஆய்வு பொய்யைப் பற்றியதுதான், ஆனாலும் தோல்விக் கதைகளுக்கு இதை மனதில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். விழுந்தவனை யாராவது கைகொடுத்துத் தூக்கும் கதையாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

அதே பல்கலைக்கழகத்தில் 2017-இல் வந்த இன்னொரு ஆய்வில், பகிர்ந்து கொடுப்பதைப் பற்றிய ஒரே கதையைச் சிலருக்கு மனிதப் பாத்திரங்களோடும் சிலருக்குச் சட்டை போட்ட மிருகங்களோடும் வாசித்தார்கள். மனிதர்கள் வந்த கதையைக் கேட்டவர்களே பிறகு தங்கள் ஸ்டிக்கர்களை அதிகம் பகிர்ந்துகொண்டார்கள். காக்காய் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். காக்காயோடு நின்றுவிடக் கூடாது. அடுத்து மனிதர்கள் வரவேண்டும், அதிலும் அவனுக்குத் தெரிந்த மனிதர்கள்.

வீட்டில் அப்பத்தா இருக்கிறார்களா? கல்யாணமான புதுசில் முதல் தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட கதையைக் கேளுங்கள். இப்படி ஒரு அப்பத்தா தன் பேத்தியிடம் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். "எண்ணெயில பிழிஞ்ச உடனே எல்லாம் பிரிஞ்சு போச்சுடி. வீடு நிறைய ஆளு. அடுப்பாங்கரையிலயே உக்காந்து அழுதேன். பக்கத்து வீட்டு மதினிதான் வந்து மாவத் தொட்டுப் பார்த்துட்டு, வெண்ணெ சாஸ்தி, இன்னும் ரெண்டு கை அரிசி மாவு போட்டுப் பிசைன்னா. அப்புறம் வந்துச்சு." அந்தப் பேத்தி கேட்ட முதல் கேள்வி: "நீங்க அழுதீங்களா அப்பத்தா?" பெரியவர்கள் அழுவார்கள், அழுத பிறகும் முறுக்குச் சுடுவார்கள் என்பது அவளுக்குப் புதுச் செய்தி.

உங்கள் கணவர் ஆர்டிஓ ஆபீஸில் எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம். நீங்கள் முதல் தடவை ஸ்கூட்டியைச் சுவரில் ஏற்றியிருக்கலாம். எதுவானாலும் மூன்று விஷயம் அதில் இருக்கட்டும்: எங்கே வலித்தது, யாரைக் கேட்டீர்கள், எதை மாற்றினீர்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் குழந்தைகளிடம் இருபது குடும்பக் கேள்விகள் கேட்டார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள் என்ற மாதிரி. வீட்டுக் கதை நிறையத் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. கேள்விகளுக்கு விடை மனப்பாடம் ஆனதால் வந்ததில்லை இது. சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிற வீடு என்பதால் வந்திருக்கும்.

ஒரு வகைக் கதையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 'தெருவிளக்கில் படித்தார், பத்து மைல் நடந்தார், உனக்கு என்ன குறை?' அதைக் கதையாக யாரும் கேட்பதில்லை, பிரம்பாகத்தான் விழும். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழித்தல் நிஜமான கஷ்டம்.

சாதித்தவர்களின் வாழ்க்கைக் கதை பெரிய பிள்ளைகளுக்கு நன்றாகப் பயன்படும், சொல்கிற விதத்தில் சொன்னால். நியூயார்க்கில் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் 402 பேரிடம் செய்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், ஐன்ஸ்டைன், மேரி கியூரி, ஃபாரடே ஆகியோரின் சாதனைகளை மட்டும் படித்தவர்களைவிட, அவர்கள் தடுமாறியதைப் படித்தவர்களின் அறிவியல் மதிப்பெண் தேறியது. உங்கள் மகளுக்கும் அந்த வயதுதான். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் தோற்கத் தெரிய வேண்டும். தனக்கு இரண்டாம் வகுப்பில் எது வராமல் இருந்தது என்று தம்பிக்கு அவளே சொன்னால், நீங்களும் நானும் சொல்வதைவிட அது நன்றாக இறங்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அவன் சரியாகச் செய்யும்போது "என் புத்திசாலிக் கண்ணு" என்கிறீர்களா? அன்பாகச் சொல்வதுதான். ஆனால் கிளாடியா மியூலரும் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கடினமான சுற்றில் தோற்றதும் தளர்ந்து, அடுத்த சுற்றில் ஆரம்பத்தைவிட மோசமாகச் செய்தார்கள். உழைப்பைப் பாராட்டப்பட்டவர்கள் முன்னேறினார்கள். "மூணாவது தடவை விரல் விட்டு எண்ணிப் பார்த்தியே, அதான் வந்துச்சு" என்று செய்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்.

அழுதுகொண்டிருக்கும்போது எந்தக் கதையும் வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள், அவ்வளவுதான். கதைக்கு ராத்திரி இருக்கிறது. ஒரு மாதத்தில் மாறிவிடுவான் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்காவில் ஏறக்குறைய 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் இந்த 'குரோத் மைண்ட்செட்'டைச் சோதித்த, 2019-இல் வெளிவந்த பெரிய ஆய்விலேயே, படிப்பில் பின்தங்கியவர்களிடம் கிடைத்த முன்னேற்றம் சிறியதுதான். நிஜமானது, ஆனால் சிறியது. கதை சொன்ன மறுநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கழித்தல் கணக்கைச் சொல்லித் தரவும் வேண்டும். எழுத்துகள் இடம் மாறுவது, கரும்பலகையைப் பார்த்து எழுத முடியாமல் போவது, பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி, இப்படி ஏதாவது இருந்தால் கண் மருத்துவரிடமும் குழந்தை நல மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். கற்றல் குறைபாட்டைக் கதையால் சரிசெய்ய முடியாது.

கடைசியாக, அவன் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. இன்று ராத்திரி சொல்லுங்கள். "அன்னைக்கு ஆமையான்னு கேட்டியே, எனக்கும் அந்தக் கதை சரியாப் படல. முயல் தூங்காம இருந்தா ஆமை என்ன பண்ணும்? நீ சொல்லு, நான் எழுதுறேன்." அவன் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதுங்கள், பேனாவால். எங்கேயாவது உங்களுக்கும் தப்பு வரும். அவன் பார்க்க ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்திலேயே சரியாக எழுதி, அடுத்த வரிக்குப் போங்கள்.