யூடியூப் ஓடுகிறது, வீட்டு வீடியோ மட்டும் வரவில்லை

கேள்வி: மதுரை திருநகரில் இருக்கிறேன், வயது 61. மாடியில் டிவியோடு ஒரு ஆண்ட்ராய்டு பாக்ஸ் இருக்கிறது. கீழே கம்ப்யூட்டரில் இருக்கும் குடும்ப வீடியோக்களை அதிலுள்ள கோடி செயலி வழியாகப் பார்ப்போம். போன வாரம் பாக்ஸில் சாஃப்ட்வேர் அப்டேட் ஆனது. அன்றிலிருந்து யூடியூப் ஓடுகிறது, கம்ப்யூட்டர் ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று வருகிறது. கடையில் கேட்டால் ஃபேக்டரி ரீசெட் போடச் சொல்கிறார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதை என் மாமனார் வருஷா வருஷம் எடுத்த கேசட்டுகளையும் அதில்தான் மாற்றி வைத்திருக்கிறோம். அழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள், அம்மா. வீடியோக்கள் இருப்பது கம்ப்யூட்டரில். பாக்ஸை ரீசெட் செய்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் ரீசெட் வேண்டாம். ரீசெட் போட்டால் பழைய சாஃப்ட்வேர் திரும்பி வராது. நீங்கள் போட்டு வைத்த செயலிகளும் கோடியில் செய்த அமைப்புகளும் போய்விடும். அத்தனையும் மறுபடி ஏற்றிய பிறகு அதே செய்திதான் வந்து நிற்கும்.

யூடியூப் ஓடுகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. பாக்ஸிலிருந்து ரவுட்டர் வரைக்கும், அங்கிருந்து இன்டர்நெட் வரைக்கும் வழி சரியாக இருக்கிறது. வைஃபை பாஸ்வேர்டு, ரவுட்டர் எதையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். பாக்ஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையில்தான் எங்கோ அறுந்திருக்கிறது.

இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் ஊர் மாடி வீடுகளில் கீழே ஃபைபர் கொடுத்தவர்களின் ரவுட்டர் ஒன்று, சிக்னல் போதவில்லை என்று மாடியில் வாங்கி வைத்தது ஒன்று என இரண்டு இருப்பது சகஜம். அப்டேட்டுக்குப் பிறகு பாக்ஸ் வேறு வைஃபை பெயரில் போய் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பாக்ஸின் நெட்வொர்க் செட்டிங்ஸில் ஐபி எண், அதாவது நெட்வொர்க்கில் அதற்குரிய முகவரி, தெரியும். கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை என்று போய் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் அதன் எண் தெரியும். ஒன்று 192.168.1.5, இன்னொன்று 192.168.1.7 என்று முதல் மூன்று பகுதிகளும் ஒன்றாக இருந்தால் சரி. ஒன்று 192.168.1, மற்றது 192.168.0 என்று தொடங்கினால் இரண்டும் வெவ்வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன. மாடி ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றிவிட்டால் வீடு முழுக்க ஒரே நெட்வொர்க் ஆகிவிடும்.

கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். அங்கேயே 'பப்ளிக் நெட்வொர்க்', 'ப்ரைவேட் நெட்வொர்க்' என்று இரண்டு இருக்கும். பப்ளிக்கில் இருந்தால் பஸ் ஸ்டாண்டு வைஃபையில் இருப்பதுபோல விண்டோஸ் கதவைச் சாத்திக்கொள்ளும், ஃபோல்டரைப் பகிராது. ப்ரைவேட்டுக்கு மாற்றுங்கள்.

இனி அந்தப் பிழைச்செய்திக்கு வருவோம். கம்ப்யூட்டர் ஃபோல்டரை வேறொரு கருவி திறக்க எஸ்எம்பி என்றொரு முறை இருக்கிறது. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. பழைய முறை என்பதால் மைக்ரோசாஃப்ட் அதை ஏற்கெனவே ஓரங்கட்டிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1709 முதல், நாமாகச் சேர்த்தாலொழிய அது பெரும்பாலும் இருக்காது. கோடியில் 'விண்டோஸ் நெட்வொர்க்' என்ற வரியைத் தட்டினால் வீட்டிலுள்ள கம்ப்யூட்டர்களின் பெயர்ப் பட்டியல் வருமே, அந்தப் பட்டியல் இந்த முதல் பதிப்பை நம்பித்தான் இருக்கிறது. அது இல்லாதபோது அந்த வரியைத் தட்டினால் நீங்கள் பார்க்கிற செய்தியே வரும். பாக்ஸ் அப்டேட் ஆன அதே வாரம் கம்ப்யூட்டரும் சத்தமில்லாமல் அப்டேட் ஆகியிருக்கலாம், அதையும் மனதில் வையுங்கள்.

எஸ்எம்பி முதல் பதிப்பை மறுபடி 'ஆன்' செய்தால் சரியாகிவிடும் என்று சொல்லித் தருபவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். மாமனாரின் கேசட்டுகள் இருக்கும் கம்ப்யூட்டரில் அந்த ஓட்டைக் கதவைத் திறந்து வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதற்குப் பதில், பட்டியலில் தேடாமல் முகவரியை நாமே எழுதிக் கொடுக்கலாம். கோடியில் வீடியோஸ், ஃபைல்ஸ், 'ஆட் வீடியோஸ்', 'ப்ரவுஸ்' என்று போங்கள். பட்டியலில் 'ஆட் நெட்வொர்க் லொகேஷன்' என்று இருக்கும். அதில் ப்ரோட்டோகால் என்ற இடத்தில் எஸ்எம்பி, சர்வர் என்ற இடத்தில் கம்ப்யூட்டரின் ஐபி எண், அடுத்ததில் பகிர்ந்த ஃபோல்டரின் பெயர், பிறகு யூசர்நேம், பாஸ்வேர்டு.

பலரும் சறுக்குவது இந்தப் பாஸ்வேர்டில்தான். பழங்காநத்தத்தில் ஒரு வீட்டில் அந்தப் பெரியவர் ரிமோட்டில் ஒவ்வோர் எண்ணாக நகர்த்தி நான்கு இலக்கத்தைப் போட்டு ஓகே அழுத்தினார். மூன்று தடவையும் 'முடியாது' என்றே வந்தது. அவர் போட்டது கம்ப்யூட்டரைத் திறக்கத் தினமும் போடுகிற பின் நம்பர். அந்த நம்பர் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து திறப்பதற்கு மட்டும்தான், நெட்வொர்க் வழியாகச் செல்லாது. கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு அவருக்கு நினைவிலேயே இல்லை.

அதனால் பாக்ஸுக்கென்றே கம்ப்யூட்டரில் தனியாக ஒரு கணக்கு தொடங்கிவிடுங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், 'அதர் யூசர்ஸ்' என்று போய், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத யூசராக ஒன்றைச் சேர்த்து, டிவிபாக்ஸ் என்பதுபோல ஆங்கிலத்தில் சின்னப் பெயரும் நல்ல பாஸ்வேர்டும் கொடுங்கள். அப்புறம் வீடியோ ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங் பகுதிக்குப் போய், அந்தப் பெயருக்கு 'ரீட்' அனுமதி மட்டும் கொடுங்கள். பாக்ஸ் வீடியோவைப் படிக்கலாம், அழிக்க முடியாது. பேரப்பிள்ளைகள் ரிமோட்டை எடுத்தாலும் கவலையில்லை.

பாஸ்வேர்டே இல்லாமல் முன்பு ஓடியதே என்று தோன்றலாம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால் பலர் 11-க்கு மாறியிருக்கிறார்கள். அதில் 24எச்2 பதிப்பிலிருந்து ப்ரோ வகையில் ஒவ்வோர் எஸ்எம்பி இணைப்புக்கும் டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம். பாஸ்வேர்டு இல்லாத 'கெஸ்ட்' இணைப்பால் அந்தக் கையொப்பத்தைப் போட முடியாது.

அப்டேட்டுக்குப் பிறகு யூடியூப்பும் ஓடாதவர்களுக்குக் கதை வேறு. பாக்ஸின் தேதியைப் பாருங்கள். பல பாக்ஸ்களில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்ததும் தேதி சில வருடங்கள் பின்னால் போயிருந்தால், வைஃபை இணைந்திருந்தாலும் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களை பாக்ஸ் ஏற்காது. உங்கள் வைஃபை பெயரே பட்டியலில் இல்லை என்றால் ரவுட்டரின் சேனல் எண்ணை, அதாவது அது பயன்படுத்தும் அலைவரிசையின் எண்ணை, பாருங்கள். இந்தியாவில் 12, 13 சேனல்களும் உண்டு, அமெரிக்காவில் வழக்கமாக 11 வரைதான். அப்டேட்டில் பாக்ஸின் நாடு அமெரிக்கா என்று மாறிப்போயிருந்தால் 12, 13-இல் இருக்கும் ரவுட்டர் அதன் கண்ணில் படாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 இவற்றில் ஒன்றை வைத்தால் போதும்.

உங்களுக்கு வீடியோ ஓடத் தொடங்கியதும் ஒரு வேலை பாக்கி இருக்கும். கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் கம்ப்யூட்டருக்கு வேறு ஐபி எண்ணைக் கொடுத்துவிடலாம், கோடி பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற பகுதியில் அந்த எண்ணைக் கம்ப்யூட்டருக்கென்றே ஒதுக்கச் சொல்லுங்கள், ஃபைபர் இணைப்பைப் பார்க்க வருகிற தம்பியே ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார். அப்படியே ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் அந்தக் கேசட் வீடியோக்களுக்கு இன்னொரு பிரதியும் எடுத்து பீரோவில் வைத்துவிடுங்கள், அம்மா.