வங்கி ஆள் பார்த்தாச்சு, இன்னும் எதற்கு சர்வே?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு ஃபிளாட் வாங்கப் போகிறோம். பழைய விக்டோரியன் வீட்டை மேல், கீழ் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், எங்களுடையது மேல்தளம். விலை 335,000 பவுண்டு. வங்கி மதிப்பீடு முடித்து மார்ட்கேஜுக்கு ஓகே சொல்லிவிட்டது. இப்போது லெவல் 2, லெவல் 3 என்று சர்வேக்குத் தனியாக 900 பவுண்டு வரை கேட்கிறார்கள். இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு இதெல்லாம் தேவையா?

பதில்: தேவை. லெவல் 3 எடுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் சர்வேயர் என்றால் நிலம் அளக்க வருகிறவர், இங்கே கட்டடத்துக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் மாதிரி. வங்கி செய்த மதிப்பீடு இந்த இரண்டில் எதுவுமே இல்லை. நீங்கள் கடன் கட்டாமல் போனால் இந்த ஃபிளாட்டை விற்று அவர்கள் பணத்தை எடுக்க முடியுமா என்பதுதான் அவர்கள் கவலை, அதற்குப் பல நேரம் வீட்டுக்கு ஆளே வருவதில்லை, கம்ப்யூட்டரில் பக்கத்துத் தெரு விலையைப் பார்த்து முடித்துவிடுவார்கள். ‘வங்கியே பார்த்துவிட்டது’ என்ற தைரியத்தில் வாங்கிவிட்டு, முதல் மழையில் கூரையைப் பார்த்துக்கொண்டு எனக்கு எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

சரி, எந்த லெவல்? சர்வேயர்களின் தொழில் அமைப்பான ஆர்ஐசிஎஸ் கணக்கில் மூன்று உண்டு. லெவல் 1 வெறும் மேலோட்டம், அதை விடுங்கள். லெவல் 2, ஓரளவு நல்ல நிலையில் இருக்கும் வழக்கமான கட்டடத்துக்கு. எண்பதுகளில் கட்டிய சாதாரண பிளாக்கில் இரண்டாம் மாடி ஃபிளாட் என்றால் அதுவே போதும் என்றிருப்பேன். லெவல் 3, பழசுக்கும், மாற்றிக் கட்டியதற்கும். உங்களுடையது இரண்டுமே. எத்தனை பெட்ரூம் என்பதைவிட, கட்டடம் எப்போது கட்டியது, அதை யார் எப்படி உடைத்து மாற்றினார்கள் என்பதுதான் கேள்வி.

உங்கள் வீட்டில் இரண்டு விஷயத்தை சர்வேயரிடம் முன்கூட்டியே சொல்லிப் பார்க்க வையுங்கள். ஒன்று கூரை. இந்த வீடுகளில் முதலில் போட்டது லேசான ஸ்லேட். பிற்பாடு பல வீடுகளில் அதை எடுத்துவிட்டு கான்கிரீட் ஓடு போட்டார்கள், அதன் எடையைத் தாங்க உள்ளே மரத்தை பலப்படுத்தாமல் விட்டால் கூரை நடுவில் தொய்ந்துவிடும். இன்னொன்று, பெட்ரூம் சுவரில் பழைய கணப்பு இருந்த இடத்தில் துருத்திக்கொண்டு நிற்கும் செங்கல் பகுதி, சிம்னி பிரெஸ்ட் என்பார்கள். கீழ்வீட்டுக்காரர் இடம் வேண்டும் என்று தன் பக்கத்தில் அதை இடித்திருந்தால், உங்கள் பக்கத்துப் பாரம் முழுக்க எதன் மேல் நிற்கிறது? இரும்புத் தாங்கல் வைத்தார்களா, கவுன்சில் அனுமதி இருக்கிறதா? சர்வேயரால் கீழ்வீட்டுக்குள் நுழைய முடியாது, ஆனால் சந்தேகத்தை எழுதிக் கொடுப்பார், மீதியை உங்கள் சொலிசிட்டர், அதாவது வீடு வாங்கும் வேலையைப் பார்க்கும் வக்கீல், கேட்டு வாங்கவேண்டும்.

ஃபிளாட்டில் இதுதான் வம்பு. கூரையும் அஸ்திவாரமும் பெரும்பாலும் ஃப்ரீஹோல்டர், அதாவது நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சொந்தக்காரர், பெயரில் இருக்கும், பில் மட்டும் உங்களுக்கும் வரும். பெரிய பிளாக்கில் அம்பது பேர் பகிர்ந்துகொள்வார்கள், உங்களிடத்தில் மொத்தமே இரண்டு வீடு. லீஸில், அதாவது உங்கள் நீண்டகாலக் குத்தகைப் பத்திரத்தில், பாதிப் பங்கு என்று எழுதியிருந்தால், 24,000 பவுண்டு கூரை வேலையில் 12,000 உங்களுடையது. அதற்கு முன்னால் 900 பவுண்டு ஒன்றுமில்லை. ரிப்பேரில் ஒருவர் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால் ஃப்ரீஹோல்டர் பிரிவு 20 நோட்டீஸ் அனுப்பிக் கலந்துபேச வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அப்படி எதுவும் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று சொலிசிட்டரைக் கேட்கச் சொல்லுங்கள். லீஸில் எத்தனை வருடம் மிச்சம் என்பதும் அவர் வேலை, 80-க்குக் கிட்டே வந்திருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

லெவல் 3 எடுத்தாலும் கார்ப்பெட்டைக் கிழித்தோ சுவரை உடைத்தோ பார்க்கமாட்டார்கள். வயரிங், பாய்லர் சோதனையும் தனி. ரிப்போர்ட்டில் ஈரம் என்று வந்தால், உடனே இலவசமாக வந்து பார்க்கிறேன் என்கிற ஈரம் போக்கும் கம்பெனியைக் கூப்பிடாதீர்கள், அவர்களுக்கு மருந்து விற்கிற வேலை. (புதுசாகக் கட்டிய ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம், கட்டியவர் விட்ட குறைகளைப் பட்டியலிடும் ஸ்னாகிங் சர்வே எடுங்கள்.)

ரிப்போர்ட் வந்ததும் சிவப்பு 3 (பெரிய அல்லது அவசரக் கோளாறு) போட்ட இடங்களை மட்டும் படித்துவிட்டு சர்வேயருக்கு போன் போடுங்கள். ‘உங்கள் தங்கச்சி வாங்கினால் என்ன சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள், எழுத்தில் சொல்லத் தயங்கியது போனில் வரும். ஒப்பந்தம் எக்ஸ்சேஞ்ச் ஆகி இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்வரை விலையைக் குறைக்கச் சொல்லலாம், விலகவும் செய்யலாம்.

இன்றைக்கே செய்யவேண்டியது ஒன்று: பரணுக்கு ஏறும் கதவு உங்கள் ஃபிளாட்டுக்குள்தான் இருக்கிறதா, பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று ஏஜென்ட்டிடம் கேட்டு வையுங்கள். அன்றைக்குத் திறக்க முடியாவிட்டால், ‘பார்க்க இயலவில்லை’ என்ற ஒரு வரியோடு ரிப்போர்ட் வந்துவிடும்.