பேனரில் தொண்டரா, தன்னார்வலரா, வாலண்டியரா?

கேள்வி: சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் இருந்து பதினான்கு பேர் மாதத்தில் இரண்டு ஞாயிறு ஏற்காடு மலைப்பாதையில் பிளாஸ்டிக் குப்பை பொறுக்குகிறோம். போன முறை அடிவாரத்தில் 'தொண்டர்கள் தேவை' என்று பேனர் கட்டினோம். டீக்கடையில் நின்றவர், "எந்தக் கட்சிங்க?" என்று கேட்டுவிட்டார். 'தன்னார்வலர்' என்று மாற்றச் சொல்கிறார் ஒருவர். 'வாலண்டியர்னே போடுங்க, எல்லாருக்கும் புரியும்' என்கிறார் இன்னொருவர். வாட்ஸ்அப்பில் 'தன்னார்வலர்கள் அனைவரும் கட்டாயம் வர வேண்டும்' என்று போட்டதில் ஒரு சண்டை. பஸ்ஸுக்கும் டீக்கும் ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்தால் அவர் தன்னார்வலர்தானா என்று இன்னொரு சண்டை. தெளிவுபடுத்துங்கள்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், சேலம்

பதில்: டீக்கடையில் நின்றவர் கேட்டதில் தப்பே இல்லை. 'தொண்டர்' கோயிலில் பிறந்த சொல். பெரியபுராணத்துக்கே திருத்தொண்டர் புராணம் என்றுதான் பெயர். விடுதலைப் போராட்டக் காலத்தில் அது தெருவுக்கு வந்தது. உங்கள் ஊரில் வக்கீலாக இருந்து நகராட்சித் தலைவராகவும் ஆன ராஜாஜி, 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தாரே, அவருடன் போனவர்கள் தொண்டர்கள். பிறகு எல்லாக் கட்சிகளும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன. இன்று பேனரில் 'தொண்டர்' என்று தனியாக நின்றால் பக்கத்தில் கொடி எங்கே என்றுதான் கண் தேடும். 'தொண்டு' என்ற சொல்லுக்கு அந்தக் கறை இல்லை. தொண்டு நிறுவனம், தொண்டு செய்கிறார் என்றால் யாரும் கட்சி கேட்பதில்லை.

சிங்கப்பூர்த் தமிழில் 'தொண்டூழியர்' என்று அழகாகச் சொல்கிறார்கள். நம் பக்கம் அது எடுபடாது. இங்கே ஊழியர் என்றால் சம்பளம் வாங்குபவர், ஊழியம் என்றால் சர்ச் பணி. 'சமூக ஆர்வலர்' என்றும் போடாதீர்கள். பத்திரிகைகள் அதை மனு கொடுப்பவருக்கும் வழக்குப் போடுபவருக்கும் வைத்துவிட்டன. உங்களுக்குச் சாக்கு தூக்க ஆள் வேண்டும்.

ஆகவே பேனருக்குத் 'தன்னார்வலர்' சரி. எழுத்தைக் கவனியுங்கள். ஆர்வம் உடையவர் ஆர்வலர். திருக்குறளில் அன்புடைமை அதிகாரத்தில் இந்தச் சொல் அன்புடையவர் என்ற பொருளில் வருகிறது. முன்னால் 'தன்' சேரும்போது, தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டிக்கும் என்பதால் தன்னார்வலர். பேனர் அடிக்கும் கடைகளில் 'தன்னார்வளர்' என்று ளகரம் போட்டுத் தருவார்கள். அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுங்கள்.

வாயால் கூப்பிடும்போது 'வாலண்டியர்' தாராளமாகச் சொல்லலாம். தேர் இழுக்கும் நாளில் பேட்ஜ் குத்திக்கொண்டு கயிறு பிடிப்பவரை "வாலண்டியர் தம்பி" என்றுதான் கூப்பிடுகிறோம். ஆனால் அதே சொல் நம் பேச்சில் கிண்டலாகவும் திரிந்திருக்கிறது. "யாரும் கூப்பிடல, வாலண்டியரா போய் மாட்டிக்கிட்டான்" என்றால் சேவை எதுவும் இல்லை. கேட்காமலே தலையைக் கொடுத்தவன் என்று அர்த்தம். ஆங்கிலத்திலும் இந்த நிழல் உண்டு. ஒருவர் ஒரு தகவலை 'வாலண்டியர்' செய்தார் என்று படித்தால், கேட்காமலே சொன்னார் என்று மொழிபெயர்க்க வேண்டும். 'தன்னார்வத்துடன் தகவல் அளித்தார்' என்று எழுதினால் கேலிக்கூத்து. காபித் தோட்டத்தில் பழம் விழுந்து தானாக முளைக்கிற கன்றையும் ஆங்கிலத்தில் வாலண்டியர் என்றே சொல்வார்கள். யாரும் நடவில்லை, அதுவாக வந்து நிற்கிறது.

'தன்னிச்சை' பக்கம் மட்டும் போகாதீர்கள். அகராதி பார்த்து யாராவது 'தன்னிச்சைப் பணியாளர்' என்று யோசனை சொல்லலாம். தன்னிச்சையாக நடந்துகொண்டார் என்றால் யாரையும் கலக்காமல் இஷ்டத்துக்குச் செய்தார் என்று பொருள், அது குற்றச்சாட்டு.

இப்போது 'கட்டாயம்' சண்டைக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'வாலண்டியர்' என்ற சொல் 1600 வாக்கில் ராணுவத்துக்காக வந்தது. பிடித்துக்கொண்டு போகப்பட்ட சிப்பாய் ஒருவன், தானாகப் பெயர் கொடுத்தவன் இன்னொருவன். அந்த இரண்டாமவன் வாலண்டியர். ஆக, கட்டாயத்துக்கு எதிர்ச்சொல்லாகவே பிறந்ததன் பக்கத்தில் நீங்கள் 'கட்டாயம்' போட்டிருக்கிறீர்கள். கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தச் சிப்பாயும் பெயர் கொடுத்த பிறகு தூங்கிவிட முடியாது. வருவதும் வராததும் அவரவர் விருப்பம், ஆனால் வருகிறேன் என்று சொன்னபின் அவரை நம்பி வேலை பிரித்தாகிவிட்டது. இந்த வித்தியாசத்தை அறிவிப்பிலேயே காட்டுங்கள். இப்படி:

'ஞாயிறு காலை 6.30, ஏற்காடு அடிவாரம். வேலை: சாலையோரக் குப்பை அகற்றல், 9.30 வரை. விருப்பமுள்ளவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் கொடுக்கவும். பெயர் கொடுத்தபின் வர முடியாவிட்டால் சனி மாலை 6 மணிக்குள் சொல்லவும். கையுறை, சாக்கு, டீ நாங்கள் தருகிறோம். மூடிய செருப்பு, தண்ணீர் நீங்கள் கொண்டுவரவும். கூலி கிடையாது.'

சனி மாலை என்ற கெடு சும்மா இல்லை. பதினான்கு பேர் என்றால் இரண்டு பேர் வளைவுக்கு மேலும் கீழும் சிவப்புத் துணியோடு நிற்க வேண்டும். மீதிப் பன்னிரண்டு பேர் ஆறு ஜோடி. ஜோடிக்குப் பிளாஸ்டிக்குக்கு ஒரு சாக்கு, பாட்டில் சில்லுக்குத் தடிமனான கோணி ஒன்று. நான்கு பேர் சொல்லாமல் நின்றுவிட்டால், எப்படியும் முடிக்கலாம் என்று துணி பிடிக்கிற இரண்டு பேரையும் பொறுக்க இறக்கிவிடுவீர்கள். அந்தப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மேலிருந்து திரும்பி இறங்கும் வண்டிக்காரருக்குக் குனிந்திருக்கும் ஆள் கடைசி நொடியில்தான் தெரிவார். துணி பிடிக்க ஆள் இல்லாத அன்று நேரான பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சரிவில் காட்டுக்குள் இறங்குவதானால் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வேண்டும். சாக்கை எங்கே கொட்டுவது என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். கட்டி ஓரமாக வைத்துவிட்டு வந்தால் சாயங்காலத்துக்குள் குரங்குகள் பிரித்துப் பரப்பிவிடும், பொறுக்கியது வீண்.

200 ரூபாய் விஷயம். பணம் தொட்டாலே தன்னார்வம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. நம் ராணுவத்தில் கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. பழைய ஆங்கிலப் பொருளில் அது முழுக்க வாலண்டியர் படை, மாதச் சம்பளமும் உண்டு. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் பாடம் சொன்னவர்களுக்குப் பெயர் தன்னார்வலர். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. இன்னொரு பக்கம் ரத்ததானம். 1998 முதல் இந்தியாவில் பணத்துக்கு ரத்தம் வாங்கக் கூடாது. கொடுத்து முடித்ததும் தரும் பிஸ்கட்டையும் ஜூஸையும் யாரும் விலை என்று நினைப்பதில்லை.

உங்கள் 200 ரூபாயில் சிக்கல், அது எல்லோருக்கும் ஒரே தொகை என்பதுதான். டவுன் பஸ்ஸில் வந்தவருக்கும் சொந்த வண்டியில் இருவராக வந்தவருக்கும் 200 என்றால் அது செலவுப் பணம் இல்லை, நாள் கூலி. அதுவும் ரொம்பக் குறைந்த கூலி. இரண்டு மாதத்தில் 'போன வாரம் பாக்கி' என்று குரல் வரும், மூன்றாம் மாதம் 250 கேட்பார்கள், பணம் இல்லாத ஞாயிறு ஆள் இருக்காது. கேட்பவரைக் குறை சொல்லவும் முடியாது, கூலி என்று நீங்கள்தான் பழக்கினீர்கள். ஆனதைக் கொடுங்கள்: பஸ் டிக்கெட்டைக் காட்டினால் அந்தத் தொகை. டீ, டிபன் காசை ஒருவரே கடையில் மொத்தமாகக் கட்டட்டும். நோட்டில் 'பயணச் செலவு' என்ற தலைப்பில் தேதி, பெயர், தொகை, கையெழுத்து. 'மதிப்பூதியம்', 'படி' என்ற சொற்களை அந்த நோட்டில் நுழையவிடாதீர்கள். குப்பையைப் பிரிக்கவும் ஏற்றவும் முழுநாள் ஆள் தேவைப்பட்டால், அவரைக் கூலிக்கு வைத்து ஊர்க்கூலி கொடுங்கள். அவரையும் 'தன்னார்வலர்' என்று எழுதி 200 ரூபாயில் முடிப்பது ஏமாற்று.

கல்லூரி என்.எஸ்.எஸ். பிள்ளைகள் வந்தால் அவர்களுக்குப் பணத்தைவிட நேரக் கணக்குதான் முக்கியம். இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் காட்ட வேண்டும். வந்த நேரம், போன நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மூன்று மணி நேரத்தை எட்டு என்று தாராளமாக எழுத வேண்டாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. பிளாஸ்டிக் பொறுக்கக் கூப்பிடும் பேனர் ஃபிளெக்ஸில் இருக்கிறதா? அதுவும் பிளாஸ்டிக்தான். துணியில் எழுதி வாங்குங்கள், தேதியை மட்டும் தனித் தாளில் ஒட்டினால் ஒவ்வொரு முறையும் அதையே கட்டலாம்.