தோப்பு வரை வைஃபை போகுமா?

கேள்வி: எங்கள் வீடு பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்டுக்குள் இரண்டு மெஷ் வைஃபை பெட்டிகள் நன்றாக ஓடுகின்றன. பின்னால் 40 மீட்டரில் தகரக் கூரை போட்ட மாட்டுத் தொழுவம். அங்கே கேமரா வேண்டும். தென்னந்தோப்புக்குள் 180 மீட்டர் தள்ளி மோட்டார் ரூம். அங்கேயும் நெட் வேண்டும். பொள்ளாச்சிக் கடையில், "இன்னும் ரெண்டு பெட்டி வாங்கி வைங்க, போதும்" என்கிறார்கள். வாங்கலாமா? எல்லை தாண்டி வாங்கிவிட்டுத் தகராறு வந்தால் எங்கே போவது?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். மெஷ் பெட்டி பக்கத்துப் பெட்டியிடம் வாங்கித்தான் கொடுக்கிறது. சிக்னலே எட்டாத இடத்தில் அதை வைப்பது, தண்ணீர் வராத லைனில் இன்னொரு குழாய் மாட்டுவது போல. பணம் போக வேண்டியது கேபிளுக்கு.

முதலில் செல்போனில் வைஃபை அனலைசர் போன்ற ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு தொழுவத்துக்குப் போங்கள். கேமரா மாட்டப்போகும் இடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் −65 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க பலம் அதிகம்) அல்லது அதைவிட நன்றாக இருந்தால் எதுவுமே வாங்க வேண்டாம். விலை குறைந்த கேமராக்கள் பெரும்பாலும் அந்த அலைவரிசையில்தான் ஓடுகின்றன. −75-க்குக் கீழே, −80 பக்கம் போனால் படம் நின்று நின்றுதான் வரும். தகரம் அலையைத் திருப்பிவிடும் என்பதால் கேமராவை வீட்டைப் பார்த்த வெளிச்சுவரில் மாட்டினாலே சில சமயம் சரியாகிவிடும்.

ஆகவில்லையா? வெளியில் இழுக்கும் கேட்6 ஈதர்நெட் (நெட்வொர்க்) கேபிள் இழுங்கள். அதற்கு 100 மீட்டர் வரை கணக்கு. 40 மீட்டர் தாராளம். அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பும் பிஓஇ முறையில், தூசி, மழைத்தண்ணீர் தாங்கும் ஐபி65 தரமுள்ள அவுட்டோர் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை கொடுக்கும் பெட்டி) ஒன்றை மாட்டலாம். வீட்டு யுபிஎஸ்ஸில் சேர்த்துவிட்டால் கரன்ட் போனாலும் ஓடும். கேபிள் வந்தபின் அதே கம்பெனி மெஷ் பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே கொடுத்தால் போதும்.

கேபிள் வாங்கும்போது ஒரு துண்டு வெட்டி, உள்ளே இருக்கும் கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், பிஓஇக்கு ஆகாது. உறை வெயில் தாங்கும் கறுப்பு உறையாக இருக்கட்டும். அணில், எலிக்குப் பயந்து பைப்புக்குள் விட்டு இழுப்பது நல்லது.

உங்கள் ஊரில் நான் அதிகம் பயப்படுவது இடிக்கு. துலாமழை (வடகிழக்குப் பருவமழை) மாதங்களில் சாயங்காலம் விழும் மின்னல், வெளியே கிடக்கும் செம்புக் கம்பி வழியாக ராவுட்டர் வரை வந்துவிடும். அதனால் செம்பு இழுத்தால் திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரும் ஒழுங்கான எர்த்தும் கட்டாயம்.

மோட்டார் ரூமுக்குச் செம்பை மறந்துவிடுங்கள். ஃபைபர் இழுத்து, இரண்டு முனையிலும் ஃபைபரை ஈதர்நெட்டாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் ஃபைபர் கேபிளுக்குள் இருக்கும் தாங்குகம்பி இரும்பாக இருந்தால் அது பாயவிடும். எஃப்ஆர்பி (இழை சேர்த்த பிளாஸ்டிக்) கம்பி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பள்ளம் தோண்ட முடியாவிட்டால் ஒன்றையொன்று பார்த்தபடி வைக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் பாயின்ட் டு பாயின்ட் ரேடியோ ஒரு ஜோடி வாங்கலாம். 180 மீட்டர் அதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்த முனையிலிருந்து பார்த்தால் அந்த முனை கண்ணுக்குத் தெரிய வேண்டும். உயரமான பழைய மரங்கள் என்றால் மட்டைக்குக் கீழே, வரிசைக்கு நடுவில் வழி கிடைக்கும். குட்டை ரகம் என்றால் தாழ்ந்து தொங்கும் மட்டை மறைக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மட்டையை ஆட்ட ஆட்ட லைன் விட்டு விட்டுப் போகும். கரன்ட் ஒயரிலேயே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டரையும் கடையில் காட்டுவார்கள். மோட்டாருக்குத் தனி மீட்டர் என்றால் அது வேலை செய்யாது.

தகராறு பற்றி: பொள்ளாச்சியில் தாராளமாக வாங்கலாம். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது பாலக்காட்டிலேயே வழக்குப் போடலாம். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்து பாருங்கள்.