மனச்சிதைவு நோயாளி அடிப்பதை நிறுத்தக் குளோசபின் கொடுப்பது ஏன்? அது வெறும் தூக்க மருந்துதானே?

கேள்வியில் இரண்டு சந்தேகம் இருக்கிறது. ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மற்ற மனச்சிதைவு மருந்துகள் எல்லாம் கொடுத்தும் கைநீட்டுவது நிற்காதவருக்கு டாக்டர்கள் ஏன் குளோசபினுக்குப் போகிறார்கள் என்பது ஒன்று. ஆளை மந்தமாக்கி உட்காரவைப்பதைத் தவிர அது வேறென்ன செய்கிறது என்பது இன்னொன்று.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குளோசபின் தூக்கம் வரவைக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் அடிதடி குறைவதற்குத் தூக்கம் காரணமல்ல. இதைப் பிரித்துக் காட்டியதில் பெரும்பங்கு நியூயார்க் மாநிலம் ஆரஞ்ச்பர்க்கில் உள்ள நேதன் கிளைன் ஆய்வு நிறுவனத்துக்கு உண்டு. யான் வோலாவ்கா என்ற மனநல மருத்துவரும், அவரோடு வேலை செய்த கிராகோவ்ஸ்கி, சோபோர், சிட்ரோம், நோலன் ஆகியோரும் இதையே பல வருடம் ஆராய்ந்தார்கள்.

வோலாவ்கா செக் நாட்டவர். தொடக்கத்தில் அவருடைய துறை மூளை அலைப் பதிவு, அதாவது இ.இ.ஜி. அமெரிக்கா வந்தபின் ஹெராயினும் அதன் விளைவை முறிக்கும் நலாக்சோனும் மூளை அலையை எப்படி மாற்றுகின்றன என்று பார்த்தார். பிறகு டென்மார்க்கில் எக்ஸ்-ஒய்-ஒய் குரோமோசோம் கொண்ட ஆண்களின் இ.இ.ஜி.யை ஆராய்ந்தார். ஒரு ஒய் கூடுதலாக இருந்தால் ஆள் வன்முறைக்காரன் என்று அந்தக் காலத்தில் பரவலாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோபன்ஹேகனில் 4,139 உயரமான ஆண்களைச் சோதித்ததில் 12 பேருக்கு எக்ஸ்-ஒய்-ஒய் இருந்தது. அவர்களில் குற்றப்பதிவு உள்ளவர்கள் விகிதப்படி அதிகம்தான், ஆனால் வன்முறைக் குற்றம் தனியாகத் தூக்கலாக இல்லை. 1976இல் அந்த முடிவு வெளியானபின் பழைய பேச்சு ஆட்டம் கண்டது. 1990களில் வோலாவ்காவின் குழு காம்ட் என்ற மரபணு வகைக்கும் மனச்சிதைவு நோயாளிகளின் வன்முறைக்கும் தொடர்பு இருப்பதாக எழுதியது. பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது சிலருக்கு அது கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. என் கணிப்பில் இந்தக் குழுவின் உருப்படியான பங்களிப்பு மரபணுவில் இல்லை, வார்டில்தான் இருக்கிறது.

2003இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். ஆராய்ச்சி வார்டில் வீடியோ கேமரா ஓடிக்கொண்டிருக்கும். அடிதடி நடந்தால் பதிவைப் பார்ப்பார்கள். பிறகு அடித்தவர், அடிவாங்கியவர் இருவரையும் கேட்பார்கள்: அதற்கு முன் என்ன நடந்தது, ஏன் அடித்தாய், குரல் ஏதும் சொன்னதா? காதில் கேட்கும் குரலோ, 'என்னைக் கொல்ல வருகிறான்' போன்ற சந்தேகமோ நேரடிக் காரணமாக இருந்தது ஏறக்குறைய 20 சதவீத அடிதடிகளில்தான். மீதியில் பெரும்பகுதி சட்டென்று கை ஓங்கிவிடுகிற கட்டுப்பாடின்மை, அல்லது மிரட்டிக் காரியம் சாதிக்கிற நிதானமான அடி.

இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் சிகிச்சை தடம் மாறிப்போகும். குரல் சொல்லி அடிப்பவருக்குக் குரல் குறைந்தால் அடியும் குறையும். யாராவது லேசாக இடித்தாலே பாய்கிறவருக்குக் குரல் முழுக்க அடங்கினாலும் அடி நிற்காமல் போகலாம். திட்டமிட்டு அடிப்பவரிடம் மாத்திரையின் பங்கு குறைவு, அங்கே வேலை செய்வது வார்டு ஒழுங்கும் நடத்தைச் சிகிச்சையும். 'டோஸை ஏற்று, ஏற்று' என்று ஹாலோபெரிடாலைக் கூட்டிக்கொண்டே போவது இதனால்தான் பலன் தருவதில்லை. போதாக்குறைக்கு அது அகதீசியா என்கிற, உட்காரவும் முடியாத நிற்கவும் முடியாத தவிப்பை உண்டாக்கும். அதைப் பார்த்தால் நோய் முற்றிவிட்டதுபோலவே தெரியும். டோஸ் இன்னும் ஏறும்.

அடுத்த பிரச்சினை, ஆக்ரோஷத்தை எப்படி அளப்பது? மனச்சிதைவுக்கான பான்ஸ் அளவுகோலில் 30 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். அதில் பகைமை ஒரே ஒரு அம்சம். அது மனநிலையைச் சொல்லுமே தவிர, எத்தனை பேருக்கு அடி விழுந்தது என்று சொல்லாது. அதற்கு மோவாஸ் என்ற அளவுகோல் உண்டு. வாய்ச்சண்டை, பொருள் சேதம், தன்னையே காயப்படுத்துவது, பிறரைத் தாக்குவது என்று நான்கு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. பிறகு முறையே 1, 2, 3, 4 ஆல் பெருக்க வேண்டும். நாற்காலியை உடைத்தால் 3 பெருக்கல் 2, ஆக 6. காயம் படாமல் ஒருவரைத் தள்ளினாலும் 2 பெருக்கல் 4, ஆக 8. உச்சம் 40. இதில் அடிக்கடி நடக்கும் கோளாறு, வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுவது. நர்ஸ் அந்த ஷிப்டிலேயே குறிக்காவிட்டால் சின்னத் தள்ளுமுள்ளு எல்லாம் விட்டுப்போகும், ரத்தம் வந்தது மட்டும் பதிவாகும்.

2002இல் வோலாவ்கா குழு வெளியிட்ட ஆய்வில் 157 பேர், 14 வாரம், நான்கு மருந்து: குளோசபின், ஓலான்சபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால். இதே நோயாளிகளின் பகைமை மதிப்பெண்ணை மட்டும் தனியாக அலசி 2001இல் சிட்ரோம் எழுதினார். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் இரண்டையும்விடக் குளோசபின் பகைமையைக் குறைத்தது. சந்தேக எண்ணம், குரல், தூக்கம் ஆகியவற்றின் பங்கைக் கணக்கில் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. அடிதடிச் சம்பவங்களைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. குளோசபின் போதிய டோஸை எட்டிய பிறகுதான், சுமார் 24 நாள் கழித்துத்தான், அதன் மேன்மை வெளிப்பட்டது.

ஆனால் அந்த 157 பேரும் அடிக்கிறவர்கள் என்று பார்த்து எடுக்கப்பட்டவர்கள் அல்ல. மருந்துச் சோதனைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறவர் பெரும்பாலும் சாதுவாகவே இருப்பார். அடியே விழாத இடத்தில் எந்த மருந்து அடியைக் குறைத்தது என்று எப்படிச் சொல்வது? 2006இல் கிராகோவ்ஸ்கி இதைச் சரிசெய்தார். வார்டில் உண்மையாகவே பிறரைத் தாக்கிய 110 பேரை மட்டும் எடுத்து, 12 வாரம், குளோசபின், ஓலான்சபின், ஹாலோபெரிடால் என்று குலுக்கல் முறையில் பிரித்தார். உடல்ரீதியான தாக்குதலின் எண்ணிக்கையிலும் கடுமையிலும் குளோசபின் முதலிடம், ஓலான்சபின் இரண்டாவது, ஹாலோபெரிடால் கடைசி. பான்ஸ் மொத்த மதிப்பெண்ணில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நோய்க்குறிகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க, அடி மட்டும் வெவ்வேறு அளவில் குறைந்திருக்கிறது. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரடியான ஆதாரம் கிடைப்பது கடினம்.

இந்தக் கட்டத்தில் பலர் குழம்புவார்கள். இன்று ராத்திரி வீட்டில் கத்தி எடுத்துவிட்டவருக்குக் குளோசபின் மருந்தே அல்ல. அதற்கு ஊசிதான், அதில் நம் வேலூர் சி.எம்.சி.யின் ஆய்வுகள் உலக அளவில் மேற்கோள் காட்டப்படுபவை. 2004இல் 200 பேரை வைத்து லோரசெபாம் என்ற தூக்க மருந்தின் 4 மி.கி. ஊசியையும், ஹாலோபெரிடால் 10 மி.கி. உடன் ஒவ்வாமை மருந்தான புரோமெத்தசின் 25 அல்லது 50 மி.கி. சேர்த்த ஊசியையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் நன்றாக அடக்கின, கலவை ஊசி இன்னும் வேகமாக. 2007இல் 300 பேரிடம் அதே கலவை ஊசியை ஓலான்சபின் ஊசியோடு ஒப்பிட்டபோது, தொடக்கத்தில் இரண்டும் சமம். ஆனால் ஓலான்சபின் போட்டவர்களுக்கு நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி மருந்து தேவைப்பட்டது அதிகம். புரோமெத்தசின் இல்லாமல் ஹாலோபெரிடாலை மட்டும் போட்டுப் பார்த்த பிரேசில் ஆய்வைக் கழுத்து, தாடை இழுப்பு அதிகம் வந்ததால் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

குளோசபினுக்கு அவசரம் ஒத்துவராது. முதல் நாள் 12.5 மி.கி., பிறகு படிப்படியாக ஏற்றி இரண்டு மூன்று வாரத்தில் 300 முதல் 450 வரை. வேகமாக ஏற்றினால் ரத்த அழுத்தம் விழும், வலிப்பு வரலாம். முதல் சில வாரங்களில் காய்ச்சல், படபடப்பு, நெஞ்சுவலி வந்தால் இதயத் தசை அழற்சியா என்று பார்க்க வேண்டும். 1975இல் பின்லாந்தில் இந்த மருந்தால் வெள்ளை அணு சரிந்து சிலர் இறந்தார்கள். ரத்தப் பரிசோதனைக் கட்டாயம் அதன் பிறகு வந்ததுதான். அமெரிக்க முறையில் முதல் ஆறு மாதம் வாரம் ஒருமுறை, அடுத்த ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பின்பு மாதாமாதம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு வகை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,000க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்துவார்கள். எல்லாரும் வெள்ளை அணுவுக்குப் பயப்படுகிறார்கள், மலச்சிக்கலை அலட்சியப்படுத்துகிறார்கள். குடல் அடைத்து உயிர் போனவர்களும் உண்டு, அதனால் மலம் கழித்தாரா என்று தினமும் கேட்பது முக்கியம்.

வீட்டில் இருப்பவர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய டோஸை அப்படியே கொடுக்காதீர்கள். டாக்டரைக் கேட்டு மறுபடி 12.5இல் தொடங்க வேண்டும். இன்னொன்று சிகரெட், பீடி. புகை, குளோசபினைக் கல்லீரலில் வேகமாகக் கரைத்துவிடும். புகைக்கவிடாத வார்டில் டோஸ் சரியாக அமைந்து, ரத்தத்தில் பலன்தரும் அளவான மில்லிலிட்டருக்கு 350 நானோகிராமை எட்டியவர், வீட்டுக்கு வந்து பழையபடி பிடிக்கத் தொடங்கினால் அளவு விழுந்துவிடும், சில வாரத்தில் அடிதடி திரும்பும். வீட்டில் புகைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினால் அதே டோஸ் அதிகமாகி எச்சில் ஒழுகும், மயக்கம் வரும், வலிப்பும் வரலாம். இரண்டில் எது நடந்தாலும் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது புகைப்பழக்கம் மாறியதைத்தான்.